வளைகாப்பு நாளில் ஒரு பெனால்டி

கோதைக்கு ராகு காலத்தின் மேல் அதுவரை பெரிய மரியாதை எதுவும் இருந்ததில்லை. ஆனால் மாமியார் வனஜா கோயம்புத்தூரிலிருந்து பஞ்சாங்கமும் கையுமாகப் புனேயில் இருக்கிற நிக்டிக்கு வந்து இறங்கி, வளைகாப்புக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் குறித்திருப்பதாகச் சொன்னதும், ராகுவை விட்டால் அவளுக்கு வேறு துணையில்லை என்று ஆகிவிட்டது. அதே ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்குத்தான் கோவாவில் அந்த ஊர் டீமோடு கட்கி வாண்டரர்ஸ் கால்பந்து ஃபைனல் ஆடுகிறது. காலையில் அடுக்குமாடிச் சொசைட்டியின் ஹாலை யாரோ பெயர்சூட்டு விழாவுக்குப் பிடித்துவிட்டார்கள். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். அந்த நேரத்தில் எந்த மாமியாரும் எந்த மருமகள் கையிலும் வளையல் போடமாட்டாள். ராகுவும் ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றாக முடியும், அப்புறம் சாவகாசமாகப் பட்டுப்புடவை கட்டிக்கொள்ளலாம் என்று கோதை கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

டி.வி.க்காரர்களுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அந்த வாரம் நடுவில் அவர்கள் ஆட்டத்தை ஆறேகாலுக்குத் தள்ளி வைத்தார்கள். வளைகாப்பும் ஆறேகாலுக்கு. ராகு கையை விரித்துவிட்டார்.

கட்கி வாண்டரர்ஸைப் புனேயின் பழைய தமிழ்க் குடும்பங்கள் சுருக்கமாக வாண்டு என்றுதான் சொல்வார்கள். கோதை வளர்ந்த வெடிமருந்துத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பக்கத்து மைதானத்தில் பிறந்த டீம், தோற்பதில் நல்ல பயிற்சி உள்ள டீம். கோதை பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது ஒரே ஒரு தடவை ஒரு ஃபைனலுக்குப் போய், ஜெயித்தும் தொலைத்தது. அந்த வாரம்தான் அவள் பெரியவளானாள். மைதானம் தெருக்கோடியில் இருந்தது. அவளோ வீட்டு மூலையில் தனிப் பாயும் தனித் தட்டுமாக உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கோவிந்தராஜ் போய்ப் பார்த்துவிட்டு வந்து, உள்ளே வரக்கூடாது என்பதால் வாசல்படியிலேயே நின்றுகொண்டு, "மூணாவது கோல் எப்டி போச்சு தெரியுமா, இப்டி வந்து, இப்டித் திரும்பி" என்று கையை ஆட்டிக் காட்டினான். அந்த கோலை அவள் இன்றுவரை அண்ணனுடைய கையாகத்தான் பார்த்திருக்கிறாள்.

அப்புறம் எத்தனையோ ஆட்டம் பார்த்தாயிற்று, பெரும்பாலும் தோல்விகள். இப்போது இரண்டாவது ஃபைனல். பெண்ணாய்ப் பிறந்ததற்கு எடுக்கிற விழாக்களெல்லாம் ஃபைனல் அன்றைக்குத்தான் வந்து உட்கார வேண்டுமா என்று கோதை பல்லைக் கடித்தாள். இந்தத் தடவை யாரும் வந்து கையை ஆட்டிச் சொல்லக்கூடாது. தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

அவர்கள் சொசைட்டியில் கோதைக்குக் கால்பந்துப் பைத்தியம் என்று ஒருவருக்கும் தெரியாது. அதைவிட மோசம், அந்தப் பைத்தியம் அவள் புருஷன் நிர்மலுக்கு என்று எல்லாருக்கும் தெரியும். சாட்சிகள் பலமாக இருந்தன. பால்கனிக் கொடியில் காய்கிற நீல ஜெர்சி ஆம்பிளை அளவு. வாண்டுவின் கடையில் அவள் பெண்கள் அளவு கேட்டபோது, டீமின் நிறமே இல்லாத ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து நீட்டினார்கள். அது வேண்டாம் என்றதும், "அப்போ சாருக்கு என்ன சைஸ்?" என்றார்கள். அவள் வாய்க்கு வந்த ஒரு சைஸைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது ஏழு மாதத்தில் அது அவளுக்குக் கச்சிதமாக இருந்தது.

சத்தம் இன்னொரு சாட்சி. ஆட்டம் நடக்கிற சாயங்காலங்களில் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கட்டடம் அதிர வரும். புருஷன் ஆட்டம் பார்த்துக்கொண்டு வீட்டுவேலையைக் கவனிப்பதில்லை, பெண்டாட்டி வாங்கு வாங்கென்று வாங்குகிறாள் என்று அக்கம்பக்கத்தில் முடிவு கட்டினார்கள். கீழ்வீட்டு ஷபானாவுக்குத் தமிழ் தெரியும் என்பதால் அவள் இன்னும் திடமாக நம்பினாள். அவள் திருநெல்வேலிக்காரி, நிக்டியில் பை, பெட்டி விற்கிற கடை வைத்திருக்கிற குடும்பம். "உனக்கெல்லாம் வெக்கமே இல்லையா? இவ்ளோ காசு வாங்கிட்டு நடந்து போறியே, ஓடேன்டா" என்று ஒருநாள் மேலேயிருந்து கேட்டதும், அந்த அப்பாவி மனுஷனைக் காப்பாற்றலாம் என்று மாடி ஏறி வந்து மணியடித்தாள். கதவைத் திறந்த நிர்மல் காதில் பாட்டும் கையில் பாதி வெங்காயமுமாக நின்றான். உள்ளே கோதை சோபாவின் மேல் ஏறி நின்று, டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த இடது பக்க ஆட்டக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஷபானாவுக்கு மட்டும் உண்மை தெரியும்.

நிர்மலுக்குக் கால்பந்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது உருண்டையாக இருக்கும் என்பதுதான். ஆனால் வாண்டு தோற்ற மறுநாள் லிஃப்டில் ஏறினால் யாராவது அவன் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார்கள். என்றைக்காவது ஜெயித்தால் கேட்டில் டீ வாங்கிக் கொடுப்பார்கள். சும்மா வருகிற ஆறுதலையும் டீயையும் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. கோதையின் துக்கத்துக்கெல்லாம் அவன்தான் ஆறுதல் வாங்கிக்கொண்டிருந்தான்.

வாண்டு ஃபைனலுக்குப் போனதும் புனே முழுக்க ஒரே ராத்திரியில் ரசிகர்கள் முளைத்தார்கள். சொசைட்டியே சித்தப்பா முறையில் காகா என்று கூப்பிடுகிற சேர்மன் கர்வே காகா கிரிக்கெட்காரர். அவரும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தார். ஹாலில் பெரிய திரை கட்டப் போகிறோம், நிர்மல் மைக் பிடித்து எல்லாருக்கும் ஆட்டத்தை விளக்க வேண்டும் என்றார். ஹாலை நடுவில் மடக்குத் தடுப்பு போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் ஜென்ட்ஸ், ஃபைனல். இன்னொரு பக்கம் லேடீஸ், வளைகாப்பு.

"நான் விளக்கறேன் காகா. நான் பள்ளிக்கூடத்துல இருந்து பாக்கறேன்" என்றாள் கோதை ஹிந்தியில்.

கர்வே காகா கெட்ட மனிதர் இல்லை. சிரித்துவிட்டு, "சரி வஹினி, ஆஃப்சைடுன்னா என்ன, சொல்லுங்க பாப்போம்" என்றார். மராத்தியில் அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி எல்லார் பெண்டாட்டிகளும் அவருக்கு வஹினிதான்.

கோதை மேஜைமேல் இருந்த டப்பாக்களை எடுத்து வைத்தாள். உப்பு டப்பா கோல்கீப்பர், மிளகாய்த்தூள் கடைசி டிஃபெண்டர், சர்க்கரை டப்பா முன்னால் போய் நிற்கிற ஆட்டக்காரன். பந்தை உதைக்கிற நேரத்தில் சர்க்கரை எங்கே நின்றால் தப்பு, எங்கே நின்றால் தப்பில்லை என்று ஒரு பிசகும் இல்லாமல் விளக்கினாள். கர்வே காகா கடைசிவரை கேட்டார். பிறகு நிர்மல் பக்கம் திரும்பி, "சரியாச் சொல்றாங்களா?" என்றார்.

நிர்மல் டப்பாக்களைப் பார்த்தான். கோதையைப் பார்த்தான். "கிட்டத்தட்ட" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காக கோதை அவனோடு பேச்சை நிறுத்தினாள். போகிற போக்கில் கர்வே காகா அவள் வயிற்றைக் காட்டி, "குட்டி ஆட்டக்காரன் வரான், அப்பா மாதிரி" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நிர்மல் பேச்சைத் திறக்க வழியில்லாமல் தோசை வார்த்துக்கொண்டு வந்தான்.

"கோதை, என் மானமே போயிரும். நூறு பேர் முன்னாடி மைக்க வெச்சுக்கிட்டு நான் என்ன சொல்லுவேன்?"

"கிட்டத்தட்ட ஏதாவது சொல்லு."

"தப்புத்தான். ஒருவாட்டி காப்பாத்து."

கோதை தோசையைத் தின்றபடி யோசித்தாள். அவளுடைய சிநேகிதி தேஜஸ்வினி கோவாவுக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறாள். மைதானத்திலிருந்து அவள் போனில் சொல்லச் சொல்ல கோதை கேட்கலாம். மூன்று பேரும் ஒரே போன் காலில் சேர்ந்தால், தேஜஸ்வினியின் மூச்சுவிடாத மராத்தியைக் கேட்டு, கோதை தமிழில் நிர்மல் காதில் ஓதலாம். காதுக்குள் வைக்கிற சின்ன இயர்ஃபோன், அதன்மேல் இரண்டு முழம் மல்லிகைப்பூ. யாருக்கும் தெரியாது.

"சரி, செய்யறேன். ஆனா கடைசி பதினஞ்சு நிமிஷம் நான் அந்தப் பக்கம் இருக்கணும். நீயே வந்து அத்தைகிட்டச் சொல்லி என்னைக் கூட்டிட்டுப் போகணும். என் கண்ணால பாக்கணும், நிர்மல். இந்தத் தடவையும் யாராவது வந்து கதை சொன்னா எனக்குத் தாங்காது."

"சத்தியமா" என்றான் நிர்மல். அவன் சத்தியம் செய்கிறபோது நிஜமாகத்தான் செய்வான். அப்புறம் மறந்துவிடுவான், அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் ஒரு சின்னத் தகராறு வந்தது. ஹாலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் வனஜாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏழு மாசப் புள்ளத்தாச்சி, முதுகு சாய வேண்டாமா?" என்றார். கடைசியில் சொசைட்டி ஆபீஸிலிருந்து கர்வே காகாவின் உயரமான சுழல் நாற்காலி, சக்கரத்தோடு, உருட்டிக்கொண்டு வரப்பட்டது. வனஜா அதன்மேல் ஒரு பட்டுப்புடவையைப் போர்த்தினார். அதற்கப்புறம் அது கல்யாண மேடைச் சாமானைப்போல் தோரணையாகிவிட்டது.

"உக்காந்தா ஆரத்தி எடுக்கற வரைக்கும் நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது கண்ணு. எங்கூட்டு வழக்கம்" என்றார் வனஜா.

கோதை உட்கார்ந்தாள். இடுப்பில் சொருகிய போன், காதில் இயர்ஃபோன், தலை நிறையப் பூ. முதலில் வேப்பங்கொழுந்துக் காப்பு, அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையலை ஏற்றத் தொடங்கினார்கள். பக்கத்து ஊர் தளேகாவிலிருந்தெல்லாம் பெண்கள் வந்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம். காதுக்குள் தேஜஸ்வினி, "ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

கோதை உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தாள். "பந்து நம்ம கிட்ட. ஏழாம் நம்பர் வலது பக்கம் ஓடறான். விட்டுட்டான், கடங்காரன்." தடுப்புக்கு அப்பால் நிர்மலின் குரல் மைக்கில் ஹிந்தியில் கணீரென்று வந்தது. "பந்து நம்மிடம். ஏழாம் நம்பர் வலது பக்கம்." கடங்காரனை மட்டும் விட்டுவிட்டான்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா கோதையின் வாயைக் கவனித்துவிட்டாள். "ஏனுங் வனஜா, உங்க மருமக கொழந்தைக்கு சுலோகம் சொல்லுது பாருங்க." வனஜாவுக்கு முகம் பூரித்துப் போயிற்று. எல்லாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். கோதைக்கு இன்னும் வசதியாயிற்று.

அப்போதுதான் தேஜஸ்வினி வீறிட்டாள். கோதை வாயைப் பொத்திக்கொண்டு, "கோல், நிர்மல். கோல். கார்னர்ல இருந்து வந்துச்சு, பதினொண்ணு தலையால முட்டிட்டான்" என்றாள்.

"கோல்! பதினொண்ணு, தலையால!" என்று நிர்மல் மைக்கில் முழங்கினான்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அங்கே திரையில் கோவா கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார். யாரோ, "பாவி, தூங்கிட்டான்" என்றார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் வாண்டுவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து எழும்பி வந்தது. பதினொன்றாம் நம்பர் தலையால் முட்டினான். கோல்.

அந்தப் பக்கம் எல்லாரும் முதலில் நிர்மலைப் பார்த்தார்கள். அப்புறம் கூரை பறந்துவிடும்போல் ஒரு கூச்சல்.

கோதைக்குச் சட்டென்று புரிந்தது. மைதானத்தில் இருப்பவள் நடக்கும்போதே சொல்கிறாள். இண்டர்நெட் வழியாக வருகிற படம் அரை நிமிஷம் பிந்தி வருகிறது. "நிர்மல், உடனே சொல்லாத. படம் லேட்டா வருது. ஸ்க்ரீன்ல வந்தப்புறம் சொல்லு" என்றாள் பதறி.

"சும்மா இரு" என்றான் நிர்மல், மைக்கை ஒதுக்கிக்கொண்டு. "கர்வே காகா என் கால்ல விழாத குறைதான். இன்னொண்ணு சொல்லு."

அதற்கப்புறம் நிர்மலைப் பிடிக்க முடியவில்லை. இப்போது ஃபவுல் வரும் என்பான், வரும். பந்து வெளியே போகும் என்பான், போகும். கோவாக்காரர்கள் சமன் செய்யப் போகிறார்கள், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றான். அதுவும் நடந்தது. துக்கத்திலும் ஜனங்கள் அவனை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இடைவேளையில் ஒருவர் தன் பையனுக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும் என்று கேட்டார். இன்னொருவர் நிலம் வாங்கலாமா என்றார். இதெல்லாம் கோதைக்கு இயர்ஃபோனில் கேட்டது. தன் கையில் ஏறுகிற வளையல்களை அவள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் அவள் மூலையில், ஆட்டம் அந்தப் பக்கம். கன்னத்தில் சந்தனம் காய்ந்து இழுத்தது.

கடைசிப் பதினைந்து நிமிஷம் வந்தது. "நிர்மல், நேரமாச்சு. வந்து கூப்பிடு."

"சித்த இரு. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"நிர்மல்."

"எல்லாரும் என்னையே பாக்கறாங்க கோதை, இப்பப் போய் எப்படி வர்றது?"

கோதை வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், சுலோகம் நின்றது. தேஜஸ்வினியின் மராத்தி மட்டும் அருவியாய்க் கொட்டியது. அதில் நிர்மலுக்குப் பத்தில் ஒரு வார்த்தை பிடிபட்டால் அதிகம். தடுப்புக்கு அப்பால் ஜோசியர் தடுமாறுவது நன்றாகக் கேட்டது. "இப்போ... ஒரு பக்கமா... ஏதோ ஒண்ணு நடக்கும்." கொஞ்சம் பொறுத்து, "நடக்காமலும் போகலாம்."

ஒன்றுக்கு ஒன்று என்றே ஆட்டம் முடிந்தது. இனி பெனால்டி.

கோதை இயர்ஃபோனைப் பிடுங்கிச் சந்தனக் கிண்ணத்துக்குள் போட்டாள். "அத்தை, நான் அந்தப் பக்கம் போகணும்."

"எதுக்கு கண்ணு? ஆரத்தி இன்னும் எடுக்கலியே."

"பெனால்டி, அத்தை. நான் பாக்கணும்."

"அவன் பாத்துட்டு வந்து சொல்லுவானே."

"அவருக்கு ஒண்ணும் தெரியாது அத்தை. இந்த டீம் என்னோடது. வயசுக்கு வந்தன்னைக்கும் இப்படித்தான் உக்கார வெச்சாங்க, அண்ணன் வந்து சொன்னான். இன்னைக்கும் யாராவது வந்து சொன்னா நான் செத்துருவேன்."

வளைகாப்பன்று சொல்லக்கூடாத வார்த்தை அது. பெரியம்மா வாயில் கை வைத்தாள். வனஜா மருமகளைப் பார்த்தார், தடுப்பைப் பார்த்தார். கோபமா, குழப்பமா, என்னவென்று தெரியவில்லை. "ஆரத்தி எடுக்காம நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாதே அம்மிணி" என்றார் மெதுவாக. அதில் வழி தேடுகிற குரல் இருந்தது.

ஷபானா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். "நாற்காலிய விட்டு எந்திரிச்சாத்தானே தப்பு?" என்றாள். குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். "ஏளா கோதை, கைய உள்ள வச்சுக்க."

மடக்குத் தடுப்பு கிறீச்சென்று விலகியது. பட்டுப்புடவை போர்த்திய சேர்மன் நாற்காலியில், இரு கன்னமும் சந்தனமாய், முழங்கைவரை வளையலாய், கோதை ஜென்ட்ஸ் பக்கத்துக்குள் உருண்டு வந்தாள். பின்னால் ஷபானா தள்ளிக்கொண்டு வந்தாள். ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள். கர்வே காகா, "அது என்னோட..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முதல் வரிசைக்கு முன்னால், திரைக்கு நேர் எதிரே நாற்காலி போய் நின்றது.

நிர்மல் அவளைப் பார்த்ததும் வெளிறினான். சத்தியம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மைக்கைத் தூக்கி எல்லாரையும் பார்த்து, "நான் ஒண்ணு சொல்லணும்" என்றான். "எனக்கு ஃபுட்பால் தெரியாது. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கோதை சொல்லித்தான் சொன்னேன். நான் வெறும் வாய்தான்."

ஹால் கைதட்டியது. "எவ்வளவு அடக்கம்" என்றார் ஒருவர். "பெண்டாட்டி மேல எவ்வளவு பிரியம் பாரு" என்றார் இன்னொருவர். கர்வே காகா கண்ணையே துடைத்துக்கொண்டார். பொய்யை வருஷக்கணக்கில் நம்பியவர்கள் உண்மையை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை.

திரையில் உதைகள் ஒவ்வொன்றாகப் போயின. கோதை யாரையும் பார்க்கவில்லை. வாண்டு தன் உதைகளை முடித்து ஒரு கோல் முன்னால் நின்றது. இனி கோவாவின் கடைசி உதை. கீப்பர் கலியன் தடுத்தால் கோப்பை. கலியன் கட்கிப் பையன், கையுறையைப் பல்லால் கடித்து இறுக்குகிற பழக்கம் உள்ளவன். உதைக்கிறவன் பந்தைப் புள்ளியில் வைத்தான்.

"நிர்மல், சொல்லு. போகுமா போகாதா?" என்று ஹாலே கேட்டது. எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. அந்த நேரத்தில் அவன் காதிலிருந்த இயர்ஃபோனில் தேஜஸ்வினியின் கதறல் வெளியில் கேட்கிற அளவுக்கு வந்தது. நிர்மலின் முகம் மாறத் தொடங்கியது.

கோவாவில் எல்லாம் முடிந்துவிட்டது என்று கோதைக்குத் தெரிந்தது. அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், முடிவு தெரிந்துவிடும். மறுபடியும் யாரோ சொல்லிக் கேட்ட கோலாகிவிடும். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிர்மல், திரும்பு. சுவத்தப் பாத்து நில்லு."

மாமியார் முன்னால் இதுவரை அவள் அவனை 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். நிர்மல் திரும்பினான். மைக்கும் கையுமாக, வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப் போல் சுவரைப் பார்த்து நின்றான்.

"இந்தப் படம் அரை நிமிஷம் பழசு" என்றாள் கோதை, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, ஹிந்தியில். "என் சிநேகிதி அங்கேர்ந்து போன்ல சொல்றா, அதான் அவர் முன்னாலேயே சொன்னார். அவர் மூஞ்சியப் பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சுரும். யாரும் பாக்காதீங்க. திரையப் பாருங்க."

நூறு பேரும் நிர்மலின் முதுகைப் பார்த்தார்கள், கோதையைப் பார்த்தார்கள். அவன் சொன்னதை நம்பாதவர்கள் அவன் திரும்பி நின்ற வேகத்தைப் பார்த்ததும் நம்பினார்கள். ஜோசியமும் அடக்கமும் எல்லாம் ஒன்றாகக் கலைந்துபோக, அத்தனை பேரும் திரையைப் பார்த்தார்கள்.

கோவாக்காரன் ஓடி வந்தான். இடது பக்கம் தரையோடு தரையாக உதைத்தான். கலியன் தப்பான பக்கம் விழுந்துவிட்டான். விழுந்தவனுடைய கால் மட்டும் பின்தங்கி நீண்டு கிடந்தது. பந்து அந்தக் குதிகாலில் பட்டு எழும்பி, கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே ஏறி, வெளியே போய் விழுந்தது.

கோதை பார்த்தாள். யாரும் சொல்லவில்லை, தானே பார்த்தாள். பிறகு ஓவென்று அழுதாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் உடம்பு அதுவரை தாங்கியதில்லை. சந்தனம் கரைந்து கழுத்துக்கு வழிந்தது. சுற்றிலும் நாற்காலிகள் விழுகிற சத்தம், ஷபானா கூவுகிற சத்தம், அவளுடைய வளையல் சத்தம். கர்வே காகா நிர்மலைத் தாண்டிக்கொண்டு நேராக அவளிடம் வந்தார்.

"அபிநந்தன், வஹினி" என்று மராத்தியில் வாழ்த்தினார். கொஞ்சம் தயங்கினார். "அந்த ஆஃப்சைடை இன்னொருவாட்டி சொல்லுங்க, இப்போ கேக்கறேன்."

நிர்மல் இன்னும் சுவரைப் பார்த்தே நின்றிருந்தான். யாரும் திரும்பச் சொல்லவில்லையே. "திரும்பு, ஜெயிச்சாச்சு" என்றாள் கோதை. அவன் திரும்பியபோது அவனுக்கும் கண் சிவந்திருந்தது.

"தேஜஸ்வினி அழுதா" என்றான். "தோத்துட்டோம்னு நெனச்சேன். உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு நின்னேன்."

"ஜெயிச்சாலும் அவ அழுவா" என்றாள் கோதை. அவன் மேல் இருந்த கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் பாதிக்குமேல் போய்விட்டது.

தடுப்பு திறந்தே கிடந்ததால் பெண்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வனஜா ஆரத்தித் தட்டோடு கோதையின் எதிரே வந்து நின்றார். பின்னாலேயே வந்த பெரியம்மா கோதையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, என்னமா உதைக்குது. பையன்தான். அப்படியே அப்பன மாதிரி" என்றாள்.

"இவன மாதிரியா?" என்றார் வனஜா. "பந்து வந்தா கண்ண மூடிக்கிட்டு என் முந்தானைக்குள்ள பூந்துக்குவான் இவன். பொண்ணோ பையனோ, அது அவங்கம்மா மாதிரி."

தட்டில் கற்பூரத்தை ஏற்றப் போனவர், தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ யோசனையாய்த் திரையைப் பார்த்தார். அங்கே கலியனின் குதிகாலை மறுபடியும் மறுபடியும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் கண்ணு, அந்தப் பையன் கையில புடிக்காம கால்லயில்ல தடுத்தான்? அது செல்லுமா?"

"செல்லுங்க அத்தை."

வனஜா சரிபார்க்க மகன் பக்கம் திரும்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, தீக்குச்சியைக் கிழித்தார்.